கோப்பையின் அளவும் இருக்கையின் விலையும்: புனே நகரக் காப்பிக்கடைகளை முன்வைத்து

1. கேள்வி

அமெரிக்க ஸ்டார்பக்ஸ் கடைகளில் 2011 முதல் 'டிரெண்டா' என்றொரு குவளை புழங்குகிறது. அதன் கொள்ளளவு 916 மி.லி. நம் வீட்டு டம்ளர்களில் ஊற்றினால் ஒரு குடும்பத்துக்கே காலைக் காப்பி முடிந்துவிடும். 2023-இல் இதே நிறுவனம் தன் இந்தியக் கடைகளில் 'பிக்கோ' என்ற பெயரில் 177 மி.லி. கோப்பையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 185 ரூபாயில் தொடங்கியது. பெரிய குவளைகளை உலகெங்கும் பழக்கப்படுத்திய நிறுவனம் இந்தியாவில் ஏன் கோப்பையைச் சுருக்கியது? சுருங்கிய கோப்பைக்கும் ஏன் இந்த விலை?

கிளைக்கடை நிறுவனங்களின் பண்பாட்டுச் செல்வாக்கைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ருசியையும் மோகத்தையும் சுற்றியே நடக்கிறது. அந்நிய ருசி உள்ளூர் ருசியை விரட்டுகிறது என்பார் ஒரு சாரார். தலைமுறை மாறுகிறது, நாவும் மாறுகிறது என்பார் மற்றொரு சாரார். பானத்தின் அளவை ருசியைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. நகரத்தில் உட்காரும் இடத்துக்கு என்ன விலை, அந்த விலையை யார் எந்த வடிவில் கட்டுகிறார்கள் என்பதோடு சேர்த்தே கோப்பையின் அளவைப் பார்க்க வேண்டும். இதைச் சோதிக்கப் புனே பொருத்தமான நகரம். ரோட்டோரத் தேநீர்த் தட்டியான டப்ரி, அம்ருத்துல்ய தேநீர்க்கடை, ஈரானியக் கஃபே, உடுப்பிக்காரரின் ஓட்டல், மஸ்தானிக் கடை, பன்னாட்டுக் காப்பிக்கடை என்று இந்தியாவின் பானக்கடை வகைகள் ஏறக்குறைய எல்லாமே அங்கே ஒரே காலத்தில் இயங்குகின்றன.

2. இதுவரையான விளக்கங்கள்

இத்துறையில் மூன்று விளக்கங்கள் செல்வாக்குடையவை. முதலாவது, ஒருமைப்படுத்தல். ஜார்ஜ் ரிட்சர் 1993-இல் வெளியிட்ட 'சமூகத்தின் மெக்டொனால்டுமயமாக்கம்' என்ற நூலில், விரைவுணவுக் கடையின் திறன், கணக்கிடல், முன்கணிப்பு, கட்டுப்பாடு ஆகிய நெறிகள் வாழ்வின் பிற துறைகளிலும் பரவுகின்றன என்று வாதிட்டார். அவர் சொல்லும் 'கணக்கிடல்' நம் பொருளுக்கு நெருக்கமானது. தரத்தின் இடத்தில் அளவை நிறுத்துவதும், பெரியதைச் சிறந்ததாகக் காட்டுவதும் இதன் கூறுகள்.

இரண்டாவது, 'மூன்றாம் இடம்' என்ற கருத்து. ரே ஓல்டன்பர்க் 1989-இல் எழுதிய நூலில் வீடும் பணியிடமும் தவிர்த்து, மனிதர்கள் தடையின்றிக் கூடிப் பேசும் இடங்களைச் சமூகத்தின் உயிர்நாடியாகக் கண்டார். ஸ்டார்பக்ஸ் இக்கருத்தைத் தன் விளம்பர மொழியாகவே ஆக்கிக்கொண்டது. வரலாற்றாசிரியர் பிரயன்ட் சைமன் 2009-இல் வெளியிட்ட தம் ஆய்வில் இதை மறுத்தார். அந்தக் கடைகளில் மக்கள் அருகருகே தனித்திருக்கிறார்கள், அறிமுகமற்றவரோடு உரையாடல் அரிதாகவே நிகழ்கிறது, அங்கே விற்பனையாவது அந்தஸ்தும் நிச்சயத்தன்மையுமே என்பது அவர் முடிவு.

மூன்றாவது, உள்ளூர்மயமாதல். ஜேம்ஸ் வாட்சன் தொகுத்து 1997-இல் வெளியான கிழக்காசிய மெக்டொனால்டு கடைகள் பற்றிய நூல், வாடிக்கையாளர்கள் அந்நியக் கடையைத் தங்கள் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்வதைக் காட்டியது. ஹாங்காங் மாணவர்கள் விரைவுணவுக் கடையைப் படிக்கும் அறையாக்கிக்கொண்டது அதற்கு நல்ல சான்று.

தமிழில் இந்த வகை ஆய்வுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' முன்னோடி. காப்பி நடுத்தர வகுப்பின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளர் பானமாகவும் பிரிந்த வரலாற்றை அது காட்டியது. குடிபொருளைத் தனியே பார்க்காமல் அதைக் குடிக்கும் இடத்தோடும் ஆட்களோடும் சேர்த்துப் பார்க்கும் அந்த அணுகுமுறையே இங்கும் கைக்கொள்ளப்படுகிறது. மேற்கண்ட மூன்று விளக்கங்களும் கடையைப் பற்றியும் வாடிக்கையாளரைப் பற்றியும் நிறையச் சொல்கின்றன. கோப்பை ஏன் அந்த அளவில் இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் ஓரத்தில் விட்டுவிடுகின்றன.

3. புனேயின் கோப்பைகள்

3.1. பஞ்ச ஹௌத் தேநீர்

புனேயில் கோப்பை ஒருபோதும் வெறும் பாத்திரமாக இருந்ததில்லை. 1868-இல் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். தண்ணீரை யார் எங்கே மொள்ளலாம் என்பதே சாதியின் சட்டமாக இருந்த நகரில் அது பெரும் மீறல். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே நகரில் ஒரு கோப்பைத் தேநீர் பெரும் விவகாரமானது. 1890 அக்டோபரில் பஞ்ச ஹௌத் கிறித்தவ மிஷன் வளாகத்தில் நடந்த கூட்டத்துக்கு நகரப் பிரமுகர்கள் அழைக்கப்பட்டனர். மகாதேவ கோவிந்த ரானடே, பால கங்காதர திலகர், கோபால கிருஷ்ண கோகலே ஆகியோர் அவர்களில் இருந்தனர். கூட்டத்தில் தேநீரும் பிஸ்கட்டும் தரப்பட்டன. சிலர் குடித்தனர், சிலர் மரியாதைக்குக் கோப்பையை வாங்கி வைத்துவிட்டனர். ஏற்பாட்டில் முன்நின்ற கோபாலராவ் ஜோஷி வந்திருந்தோரின் பெயர்களை வெளிப்படுத்த, வைதிகர்கள் கொதித்தெழுந்தனர். சங்கராச்சாரியார் வரை முறையீடு போய் விசாரணையும் நடந்தது. திலகர் காசியில் பிராயச்சித்தம் செய்துவிட்டதாகச் சொன்னார். சீர்திருத்தத்தின் முகமாக விளங்கிய ரானடேயும் கடைசியில் பிராயச்சித்தம் செய்துகொண்டது அவருடைய ஆதரவாளர்களைப் புண்படுத்தியது.

அந்தக் கோப்பையில் எத்தனை மி.லி. இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. யார் கையிலிருந்து, யாரோடு உட்கார்ந்து குடித்தார்கள் என்பதுதான் விவகாரம். தமிழகத்தின் இரட்டைக் குவளை முறையும், 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் நடத்திய போராட்டமும் இதே வரலாற்றின் தெற்குப் பக்கங்கள். பொதுவிடத்துப் பானத்தை ஆராயும் எவரும் இருக்கையின் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்கு இவை போதிய காரணம்.

3.2. சிறு கோப்பை, நிற்கும் ஆள்

இன்று புனேயின் அன்றாடப் பானம் தேநீர். 'அம்ருத்துல்ய' என்ற பெயர்ப்பலகை தாங்கிய கடைகள் நகரின் பழைய பேட்டைகளில் பல தலைமுறைகளாக நடக்கின்றன. கடைமுகப்பில் பித்தளைப் பாத்திரத்தில் பாலும் தூளும் சர்க்கரையும் ஏலக்காய், இஞ்சியோடு கொதிக்கும். சிறு கோப்பையில் வாங்கி, நின்றபடியோ ஒட்டுப்பலகையில் அமர்ந்தோ குடித்துவிட்டு ஆள் நகர்ந்துவிடுவார்.

இதை மாறாத மரபு என்று கொள்வதற்கில்லை. இந்தியாவில் தேநீர் வெகுமக்கள் பானமானதே ஒரு நூற்றாண்டுக் கதைதான். 1903-இல் தொடங்கிய தேயிலைத் தீர்வையின் பணத்தில் பிரசாரம் நடந்தது. ஊர் ஊராகச் செய்முறை விளக்கம் காட்டி, இலவசக் கோப்பை நீட்டி, சுவரொட்டி ஒட்டிப் பழக்கப்படுத்தினார்கள். 1930-களில் அசாமில் உருவான, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. எந்திரம் மலிவான, கடுஞ்சாயத் தூளைத் தந்தது. பாலில் மசாலாவோடு கொதிக்கவைக்கும் முறையைப் பிரசாரகர்கள் விரும்பவில்லை. அதில் தூள் குறைவாகச் செலவாகும். மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆக, நாம் 'நம்முடையது' என்று நினைக்கும் சிறு கோப்பைத் தேநீரும் நிறுவனப் பிரசாரமும் மக்கள் வழக்கமும் மோதிப் பிறந்ததே. இதை மறந்து உள்ளூர்த் தேநீருக்கும் அந்நியக் காப்பிக்கும் போர் மூட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

3.3. சிறு கோப்பை, உட்காரும் ஆள்

ஃபெர்குசன் கல்லூரிச் சாலை முடியும் முனையில் 1935-இல் தொடங்கிய கஃபே குட்லக் இன்றும் நடக்கிறது. பன் மஸ்காவும் ஈரானித் தேநீரும் அதன் அடையாளம். அதே சாலையில் 1950-களின் தொடக்கத்தில் ஜகன்னாத் ஷெட்டி நடத்திய ஓட்டலுக்கு முதலில் வைத்த பெயர் 'மெட்ராஸ் ஹெல்த் ஹோம்'; பின்னாளில் அதுவே 'வைஷாலி' ஆகிப் புனே மாணவர்களின் பல தலைமுறைகளுக்குச் சந்திப்பிடமாயிற்று. தென்னிந்திய இட்லியும் பில்டர் காப்பியும் புனேவாசிகளின் காலைப் பழக்கத்தில் நுழைந்ததில் இத்தகைய ஓட்டல்களின் பங்கு பெரிது.

ஈரானியக் கஃபே என்றதும் ஒரு கோப்பைத் தேநீருக்கு நாள்முழுக்க உட்கார விட்ட பொற்காலம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சான்றுகள் அப்படியே அதை ஒப்புவதில்லை. வெகுநேரம் உட்காராதே, சும்மா இடத்தை அடைக்காதே என்று வாடிக்கையாளரை எச்சரிக்கும் அறிவிப்புகள் அக்கடைகளுக்குப் பேர்போனவை. கவிஞர் நிஸிம் எஸக்கியேல் பம்பாயின் அத்தகைய அறிவிப்பை வைத்தே ஒரு கவிதை செய்தார். முகத்துக்கு நேரே பேசும் 'புனேரி பாட்டி' எனப்படும் அறிவிப்புப் பலகைகளுக்குப் புனே தனிப்புகழ் பெற்றது. இடத்துக்கு விலை உண்டு என்பதை அன்றைய கடைக்காரரும் அறிந்திருந்தார். அதை வசூலிக்க அவரிடம் இருந்த கருவி அறிவிப்புப் பலகையும், மேசையைத் துடைத்துவிட்டுத் தலைமாட்டில் நிற்கும் சிப்பந்தியும்தான்.

3.4. பெரிய குவளை, உள்ளூர்க் குவளை

பெரிய குவளை வெளியூர்ச் சரக்கு என்ற எண்ணத்தை உடைக்கப் புனேயின் மஸ்தானி ஒன்றே போதும். முதலாம் பாஜிராவின் துணைவி மஸ்தானியின் பெயரைத் தாங்கிய இந்தப் பானம், கெட்டியான பால் கலவையை உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மேலே ஐஸ்கிரீமும் பருப்புவகைகளும் வைத்துத் தரப்படுவது. பாதி குடிப்பதும் பாதி கரண்டியால் உண்பதுமாக அது முடியும். மாம்பழப் பருவத்தில் சதாசிவ பேட்டையின் சுஜாதா மஸ்தானி போன்ற கடைகளில் கூட்டம் நெரியும். சர்க்கரையிலும் பாலிலும் பன்னாட்டுக் கடையின் குளிர்பானத்துக்கு இது சளைத்ததில்லை.

ஆனால் மஸ்தானி குடிப்பவர் கணினியை விரித்து மூன்று மணிநேரம் அமர்வதில்லை. குடும்பத்தோடு வருவார், உண்பார், எழுவார். அது எப்போதாவது கொண்டாடும் பானம். இங்கே குவளை பெரிது, இருப்பு சிறிது. ஈரானியக் கஃபேயில் கோப்பை சிறிது, இருப்பு ஒப்பளவில் நீண்டது. அளவுக்கும் அமர்வுக்கும் இயல்பான தொடர்பு எதுவும் இல்லை என்பது இதனால் தெளிவாகிறது. அந்த இரண்டையும் ஒன்றாகப் பிணைத்ததுதான் புதிய காப்பிக்கடை செய்த வேலை.

4. பெரிய குவளையின் பொருளாதாரம்

1971-இல் சியாட்டில் நகரில் காப்பிக்கொட்டை விற்கும் கடையாகத் தொடங்கியது ஸ்டார்பக்ஸ். 1983-இல் மிலான் சென்ற ஹோவர்ட் ஷுல்ட்ஸ் அங்கிருந்த எஸ்பிரெசோக் கடைகளில் ஈர்க்கப்பட்டு, 1987-இல் நிறுவனத்தையே வாங்கினார். மிலானில் எஸ்பிரெசோ ஏறக்குறைய 30 மி.லி.; நின்றபடி இரண்டு மிடறில் முடிந்துவிடும். அமெரிக்காவில் அது 354 மி.லி. (டால்), 473 மி.லி. (கிராண்டே), 591 மி.லி. (வென்டி) என்று ஏறிக்கொண்டே போனது. 237 மி.லி. ஷார்ட் பலகையிலிருந்து மறைந்தது. கேட்டால் மட்டும் கிடைக்கும். 1994-இல் பாஸ்டனின் ஒரு காப்பி நிறுவனத்தை வாங்கியபோது கைக்கு வந்த பெயர் ஃப்ராப்புச்சினோ. அடுத்த ஆண்டு அது கடைக்கு வந்தபின் காப்பிக்கடை குளிர்ந்த இனிப்புக்கடையாகவும் ஆனது.

குவளை பெருக்கும்போது உள்ளே பெருகுவது எது? நிறுவனத்தின் அமெரிக்கச் செய்முறையில் சூடான கிராண்டே லாத்தேயில் இரண்டு பங்கு எஸ்பிரெசோ. வென்டியிலும் அதே இரண்டு பங்குதான். கூடுவது பாலும் பாகும். காப்பிக்கொட்டை, வாடகை, கூலி, மின்சாரம் ஆகிய கனத்த செலவுகள் எல்லாக் குவளைக்கும் ஏறத்தாழ ஒன்றே. கூடுதலாக ஊற்றும் பாலுக்குக் கடைக்கு ஆகும் செலவு சிறிது, வாடிக்கையாளர் தரும் கூடுதல் விலை அதைவிடப் பெரிது. பெரிய குவளை அதனாலேயே விற்பவருக்கு லாபம்.

வாங்குபவர் ஏன் இணங்குகிறார் என்பதற்கு நடத்தை ஆய்வுகள் விடை தருகின்றன. ஷார்ப், ஸ்டேலின், ஹியூபர் மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் பானவரிசையின் இரு ஓரங்களையும் தவிர்த்து நடுவிலிருப்பதைத் தேர்கிறார்கள் என்று காட்டியது. மேலே இன்னும் பெரிய அளவொன்றைச் சேர்த்தாலோ அடியிலிருக்கும் சிறு அளவை நீக்கினாலோ தேர்வு மேல்நோக்கி நகரும். பரிமாறும் அளவு கூடினால் உட்கொள்ளும் அளவும் கூடுகிறது என்பதை 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத்தொகுப்பும் உறுதிசெய்தது. ஆக, பலகையில் எந்த அளவுகள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதே வாடிக்கையாளரின் விருப்பத்தைப் பாதி முடிவுசெய்துவிடுகிறது.

உடல்நலக் கேள்வியும் இங்கேதான் எழுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சேர்க்கப்பட்ட சர்க்கரையை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் வைக்கவும், இயன்றால் 5 சதவீதத்துக்குக் குறைக்கவும் பரிந்துரைத்தது. பின்னது பெரியவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, வடிகாப்பியின் காஃபினை 150 மி.லி. கோப்பைக்குக் கணக்கிட்டு 80 முதல் 120 மி.கி. என்கிறது, நாளுக்கு 300 மி.கி. என்று வரம்பிடுகிறது. நம் ஆலோசனைகள் 150 மி.லி. கோப்பையை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. கோப்பை மூன்று மடங்கானால் 'ஒரு நாளைக்கு இரண்டு காப்பி' என்ற வீட்டுக்கணக்கு பொய்த்துப்போகும்.

அரசு தலையிட்ட ஒரு முயற்சியையும் நினைவில் கொள்ள வேண்டும். 2012-இல் நியூயார்க் நகரச் சுகாதார வாரியம் உணவகங்களில் 473 மி.லி.க்கு மேற்பட்ட சர்க்கரைப் பானங்களைத் தடைசெய்ய முனைந்தது. நீதிமன்றங்கள் அதை ரத்துசெய்தன. 2014-இல் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதிப்படுத்தியது. அந்த விதியிலேயே பாதிக்கு மேல் பால் கொண்ட பானங்களுக்கு விலக்கு இருந்தது. பால் சேர்ந்தால் சர்க்கரைப் பானம் சத்துணவாகத் தோன்றும் மயக்கம் சட்டம் எழுதுவோரையும் விடவில்லை. மஸ்தானிக்கும் லாத்தேக்கும் நாம் காட்டும் பரிவு இதே மயக்கத்தின் பகுதி.

5. இந்தியாவுக்கு வந்தபோது

இந்தியாவில் இருக்கையை விற்கும் காப்பிக்கடையை முதலில் பரவலாக்கியது ஸ்டார்பக்ஸ் இல்லை. 1930-களில் காப்பித் தீர்வைக் குழு தொடங்கி, 1950-களின் இறுதியில் ஏ. கே. கோபாலனின் முன்னெடுப்பில் தொழிலாளர் கூட்டுறவுகளாக மாறிய இந்தியன் காப்பி ஹவுஸ்கள் மலிவான கோப்பையோடு அரசியலும் இலக்கியமும் பேச இடம் தந்தன. 1996-இல் காப்பி விற்பனையின் மேல் இருந்த அரசுக் கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது. அதே ஆண்டில் வி. ஜி. சித்தார்த்தா பெங்களூரு பிரிகேட் சாலையில் கஃபே காஃபி டேயின் முதல் கடையை, இணைய வசதியோடு திறந்தார். காப்பியோடு நேரத்தையும் விற்கும் முறை அங்கேதான் இந்திய இளைஞருக்கு அறிமுகமாயிற்று. டாடா குழுமத்துடன் சமபங்குக் கூட்டில் ஸ்டார்பக்ஸ் 2012 அக்டோபரில் மும்பை ஹார்னிமன் சர்க்கிளில் முதல் கடையைத் திறந்தது. 2013-இல் புனேக்கும் 2014-இல் சென்னைக்கும் வந்தது. 2024 தொடக்கத்தில் 54 நகரங்களில் 390 கடைகள் இருந்தன. 2028-க்குள் 1,000 என்று இலக்கு அறிவிக்கப்பட்டது.

இந்த விரிவுக்கிடையில்தான் கோப்பை சுருங்கியது. பிக்கோவோடு பில்டர் காப்பியும் மசாலாத் தேநீரும் பட்டியலில் ஏறின. வாட்சன் வழியில் இதை உள்ளூர்மயமாதல் என்று சொல்லிவிடலாம். ஆனால் விலையைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. புனேயில் பிறந்து வளர்ந்த யேவலே அம்ருத்துல்ய நிறுவனமும் கிளைகள் பரப்பிய நிறுவனமே. அது விற்றது பத்து ரூபாய்த் தேநீர். ஒரே பெயர், ஒரே ருசி, ஒரே செய்முறை என்று ரிட்சர் சொன்ன இலக்கணமெல்லாம் அதற்கும் பொருந்தும். ஆனால் அதன் கடைகளில் நீண்டநேரம் உட்கார இடமில்லை, கோப்பையும் பெருக்கவில்லை. எனவே கிளைக்கடையாக இருப்பதனால் மட்டும் குவளை பெரிதாவதில்லை.

பத்து ரூபாய்க்கும் 185 ரூபாய்க்கும் உள்ள இடைவெளியைப் பாலும் தூளும் மட்டும் நிரப்பிவிட முடியாது. குளிரூட்டிய அறை, சோபா, மின்செருகி, இணையம், கழிப்பறை, எழுந்து போ என்று சொல்லாத சிப்பந்தி ஆகியவற்றின் விலை அதில் அடங்கியிருக்கிறது. கோப்பையைச் சுருக்கினாலும் நுழைவுக் கட்டணம் ஒரு வரம்புக்குக் கீழே போகாது. 2023–24 நிதியாண்டில் வருமானம் 1,200 கோடி ரூபாயைத் தாண்டியும் டாடா ஸ்டார்பக்ஸ் நட்டத்திலேயே இருந்தது. இருக்கைக்கு ஆகும் செலவு எவ்வளவு கனமானது என்பதற்கு அதுவும் ஓர் அறிகுறி.

இவ்விளக்கத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அமெரிக்காவில் பெரிய குவளையை வாங்குவோரில் பெரும்பாலோர் உட்காருவதே இல்லை. காரிலிருந்தபடி வாங்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே பெரிய குவளைக்கு நெடுந்தூரக் கார்ப்பயணமும் பெரிய அளவில் பரிமாறும் பழக்கமும் காரணங்கள். இருக்கை வாடகை என்ற விளக்கம் அங்கே முழுதாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புனேயில் அது பொருந்துவதற்குக் காரணம் அந்நகரின் இளைஞர்கள் வாழும் விதம்.

6. யார் உட்காரலாம்?

புனே மாணவர் நகரம். ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தபின் வெளியூர் ஊழியர் நகரமும்கூட. விடுதியிலும் பங்கிட்ட வாடகை அறையிலும் வாழும் இவர்களில் பலருக்குக் கட்டில் உண்டு, மேசை இல்லை. விருந்தாளியை அழைக்க அறையின் சொந்தக்காரர் விடுவதில்லை. இந்தத் தேவையின் மிகத் தெளிவான வடிவம் காப்பிக்கடையில் இல்லை. சதாசிவ பேட்டை, நாராயண பேட்டைத் தெருக்களில் இருக்கிறது. அங்கே 'அப்யாசிகா' எனப்படும் படிப்பறைகளில் மகாராஷ்டிர அரசுத் தேர்வாணையத் தேர்வுக்குப் படிப்போர் மாதக் கட்டணம் கட்டி ஒரு நாற்காலியும் மேசையும் பெறுகிறார்கள். அங்கே பானம் கிடையாது; இருக்கை மட்டுமே சரக்கு. கோரேகாவ் பார்க் பகுதியின் காப்பிக்கடையில் பானத்தோடு சேர்த்து வாங்கப்படுவதை, பேட்டையில் பானமில்லாமலே வாங்குகிறார்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் காப்பிக்கடையில் என்ன விற்பனையாகிறது என்பதில் ஐயம் இருக்காது.

அப்படியானால் காப்பிக்கடையைக் குறைசொல்வது எளிதா? இல்லை. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி 2011-இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' நூல் இவ்விடத்தில் கைகொடுக்கிறது. தெருவில் சும்மா நிற்கும் உரிமை ஆணுக்கு இயல்பாக வாய்க்கிறது. பெண் எப்போதும் ஒரு காரியத்தோடு போவதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காப்பிக்கடையும் வணிக வளாகமும் நடுத்தர வகுப்புப் பெண்ணுக்கு விலைக்கு ஓர் இடம் தருகின்றன; ஆனால் அவை பொதுவிடங்களாகிவிடவில்லை என்பது அவர்கள் வாதம். டப்ரியைச் சுற்றி ஆண்கள் நின்றிருக்கும் தெருமுனையில் தனியே நிற்கத் தயங்கும் ஒரு மாணவி, காப்பிக்கடையில் யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு மாலையைக் கழிக்கலாம். இது சிறிய விடுதலை என்றாலும் மெய்யான விடுதலை. பழைய ஓட்டல்களை நினைத்து ஏங்குபவர்கள் அவற்றில் பெண்கள் எத்தனை பேர் தனியே அமர்ந்திருக்க முடிந்தது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாதியின் கண்கொண்டு பார்த்தாலும் இதேதான். 1890-இல் கோப்பை நீட்டிய கையைப் பார்த்த நகரம் இன்று கடைக்குள் பணத்தை மட்டும் கேட்கிறது. முகம்தெரியாத ஒருவர் கலந்து தருவதை முகம்தெரியாத மற்றொருவர் வாங்கிக் குடிக்கிறார். இந்தப் பெயரற்ற சமத்துவத்தை இகழ்வது நம் வரலாற்றை மறப்பதாகும். ஆனால் அதன் வாசலில் கோப்பையின் விலை நிற்கிறது. அந்தக் குவளையைக் கழுவுபவரும், கடைவாசலில் காத்திருக்கும் உணவு விநியோக ஊழியரும் அந்த வாசலுக்குள் விருந்தாளியாக வருவது அரிது. பழைய விலக்கு பிறப்பை வைத்து நடந்தது, புதிய விலக்கு விலையை வைத்து நடக்கிறது. இரண்டும் ஒன்றல்ல, பின்னது மாற்றக்கூடியது. அதனால்தான் அதைப் பேச வேண்டியிருக்கிறது.

விலையில்லாத இருக்கையையும் புனே அறியும். மரத்தடி மேடையிலும் சாலையோரச் சிறு சுவரிலும் நண்பர்கள் கூடி வம்பளக்கும் 'கட்டா' மராத்தி நகர வாழ்வின் பழைய அமைப்பு. குட்லக் சவுக்கருகே நகராட்சி அமைத்த 'கலாகார் கட்டா'வில் மாலைகளில் பாட்டும் பேச்சும் நடக்கின்றன. அங்கே உட்கார எதையும் வாங்க வேண்டியதில்லை. ஓல்டன்பர்க் தேடிய மூன்றாம் இடத்துக்கு எந்தக் காப்பிக்கடையையும்விட நெருக்கமானது இதுதான்.

7. முடிவுகள்

இதுவரை எடைபோட்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

ஒன்று, பெரிய குவளையை அந்நிய ருசியின் படையெடுப்பாகக் காண்பது பிழை. மஸ்தானி அதை மறுக்கிறது. சிறு கோப்பையைத் தூய மரபாகக் காண்பதும் பிழை. தேயிலைப் பிரசாரத்தின் வரலாறு அதை மறுக்கிறது.

இரண்டு, இந்திய நகரத்தில் காப்பிக்கடை பெற்றிருக்கும் செல்வாக்குக்கு முதற்காரணம் பானம் இல்லை; உட்கார இடமில்லாத நகரத்தில் உட்கார இடம் தருவது. பெரிய குவளை அந்த இடத்தின் வாடகையை வசூலிக்கும் முறை. அது நீண்ட அமர்வுக்கு நியாயம் சேர்க்கிறது. நீண்ட அமர்வு பெரிய குவளைக்கு நியாயம் சேர்க்கிறது. நடுவில் உடல் தேவைக்கு மிஞ்சிய பாலையும் சர்க்கரையையும் ஏற்றுக்கொள்கிறது. உட்காருவதற்காக உடல் தரும் இந்த விலை யார் கணக்கிலும் வருவதில்லை.

மூன்று, தீர்வுகளும் இரண்டு தளங்களில் அமைய வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2020 விதிகள், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்கள் தம் பட்டியலில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்கின்றன. அதோடு ஒவ்வொரு பானத்தின் சர்க்கரை அளவையும், கிடைக்கும் மிகச் சிறிய அளவையும் பலகையில் முதலில் காட்டச் சொல்வது எளிய, பயனுள்ள அடுத்த அடி. தடை தேவையில்லை, சிறு கோப்பை கண்ணில் பட்டாலே தேர்வு கீழிறங்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய பொறுப்பு நகராட்சிகளுடையது. பெண்கள் அச்சமின்றி அமரக்கூடிய, விளக்கு எரியும், கழிப்பறையும் குடிநீரும் உள்ள கட்டாக்கள், இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் நூலகங்கள், வார்டுக்கு ஒரு கட்டணமற்ற படிப்பறை ஆகியவை ஆடம்பரங்கள் இல்லை. புலே தண்ணீருக்குச் செய்ததை இன்றைய நகராட்சி இருக்கைக்குச் செய்ய வேண்டும். புனேக்குச் சொல்வது சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் பொருந்தும். அந்த வேலை நடக்காதவரை இளைஞர்கள் குவளையின் வழியாக வாடகை கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களுடைய ருசியைக் குறைசொல்லும் உரிமை நமக்கு இல்லை.